முத்து கிடைத்தது, தொழில் கிடைக்கவில்லை

தூத்துக்குடியின் கடைசி முத்துச் சலாபம், அதாவது முத்துக்குளிப்பு, 1961இல் முடிந்தது. கடலடி முத்துப் பார்களில் சிப்பி மறுபடி அந்த அளவுக்குத் திரளவே இல்லை. கடல் கைவிரித்த பிறகு அரசுப் பணம் இறங்கியது. மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் 1972இல் இங்கே முத்து வளர்ப்பு ஆய்வைத் தொடங்கியது. மறு ஆண்டே, வேப்பலோடையில் கே. அழகர்சுவாமியும் சக ஆய்வாளர்களும் உருண்டை முத்தை எடுத்துவிட்டார்கள். ஜப்பானியர் வெளியே விடாமல் காத்துவந்த வித்தை அது. 1981இல் சிப்பிக் குஞ்சுகளையும் பொரிப்பகத்திலேயே உருவாக்கினார்கள். லாபக் கணக்கு பார்க்கும் எந்த முதலாளியும் அன்று இதற்குக் காசு இறக்கியிருக்க மாட்டார். அரசு நிதியின் பலம் இதுதான்.

ஆனால் முத்துத் தொழில் எங்கே? அலையடிக்கும் திறந்த கரை இது. ஜப்பானைப் போல அடக்கமான விரிகுடாக்கள் இல்லை. ஆய்வகத்தில் ஜெயித்ததைக் கடலில் ஆண்டுக்கணக்காகச் சோதித்து, நட்டத்தையும் தாங்க ஒரு நிதி வேண்டும். கண்டுபிடிப்பு அறிக்கையானதும் ஆய்வுத் திட்டம் நிறைவு பெறுகிறது. அதை மீனவர் கைக்குக் கொண்டுசேர்ப்பது யார் பொறுப்பு என்று கோப்பில் இருப்பதில்லை.

கடல் அட்டையின் கதை இன்னும் கசப்பு. 1988இல் இதே நிறுவனத்தின் தூத்துக்குடி ஆய்வு மையத்தில்தான் வெள்ளைக் கடல் அட்டையின் குஞ்சுகள் உலகில் முதன்முறையாகப் பொரிப்பகத்தில் உருவாயின. 2001இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் கடல் அட்டை சேர்ந்தது. அளவின்றிப் பிடித்ததால் வந்த தடை. அதில் நியாயம் உண்டு. ஆனால் வளர்த்துப் பெருக்கும் வழிக்கும் அதே பூட்டுத்தான் விழுந்தது. இன்று வியட்நாமிலும் மடகாஸ்கரிலும் அந்த அட்டைக்குப் பண்ணைகள் உண்டு. நமக்கு எதிர்க்கரையில், யாழ்ப்பாணத்திலும் மன்னாரிலும் கூட உண்டு. ஒரு துறை செலவழித்து வித்தையைக் கற்றது, இன்னொரு துறை கதவைச் சாத்தியது.

நாட்டின் மொத்த உற்பத்தியில் 0.64 விழுக்காடுதான் ஆராய்ச்சிக்குப் போகிறது என்ற புலம்பல் நியாயமானதே. சீனா 2 விழுக்காட்டுக்கு மேல் செலவிடுகிறது. ஆனாலும் ஆய்வுக் கட்டுரைகளின் எண்ணிக்கையில் நாம் உலகின் முன்வரிசையில்தான் நிற்கிறோம். ஆக, பணத்தின் அளவு மட்டுமே குறையல்ல. 2023ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி உருவான அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளைக்கு ஐந்தாண்டில் 50,000 கோடி ரூபாய் என்று திட்டமிட்டிருக்கிறார்கள். அதில் பெரும்பங்கு தனியாரிடமிருந்து வரும் என்பது திட்டம். வரும் பணத்தில் ஒரு பகுதியைக் களச் சோதனைக்கென்றே ஒதுக்க வேண்டும். சட்ட அனுமதி தேவைப்படும் ஆய்வுகளுக்கு, வனத்துறையை முதல் நாளிலேயே மேசைக்கு அழைக்க வேண்டும்.