வரைபடத்தில் நிழல் எங்கே?

கோடை முகாமில் வாண்டுகளை மேய்க்கப் போகிறாள் பக்கத்து வீட்டுப் பெண். முகாமில் கொடுத்த பூங்கா வரைபடத்தைக் காட்டினாள். எந்த முகாம், எந்தப் பூங்கா என்று கேட்காதீர்கள். பளபள காகிதம், நாலு கலர் அச்சு. சிரிக்கும் வண்ணத்துப்பூச்சி, தாமரை, நுழைவாயில், டாய்லெட். அழகுதான். ஆனால், யாருக்கு?

வேடிக்கை பார்க்க வருகிறவருக்கு இது போதும். முப்பது பிள்ளைகளை மே மாத வெயிலில் கூட்டிப் போகிறவளுக்கு? பத்து மணிக்கு நிழல் எங்கே? குடிதண்ணீர் எத்தனை நிமிஷ நடை? எந்த இடத்தில் நிறுத்தித் தலை எண்ணலாம்? ஆம்புலன்ஸ் எந்த கேட் வரை வரும்? ம்ஹூம், ஒன்றுமில்லை. போன வருஷம் அங்கே ஒரு பொடியன் இருபது நிமிஷம் காணாமல் போயிருக்கிறான்!

லண்டன் பாதாள ரயிலுக்கு ஹாரி பெக் வரைந்து 1933-ல் வெளியான வரைபடத்தை உலகமே கொண்டாடுகிறது. அதில் நிஜமான தூரத்தையே அவர் தூக்கிப் போட்டுவிட்டார். ரயிலில் உட்கார்ந்திருப்பவருக்கு எங்கே மாறி ஏறணும் என்பதுதானே கவலை? நடக்கிற குழந்தைக்கோ தூரம்தான் கவலை.

எங்கள் பட்டினப்பாக்கத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிறது, 2011-ல் திறந்த தொல்காப்பியப் பூங்கா. அடையாறு உப்பங்கழியில் 58 ஏக்கர். கடல் ஏறி இறங்குவதைப் பொறுத்து அங்கே தண்ணீரும் ஏறி இறங்கும். சேறு தெரிகிற நேரத்தில் போனால்தான் நண்டைக் காட்ட முடியும். இப்படி ஒரு இடத்துக்குப் படம் போட்டால் மணியையும் சேர்த்துத்தான் போடணும்.

''முகாமுக்கு முதல் நாளே ஒரு தடவை நடந்து பார்த்துட்டு வாம்மா. பேனா எடுத்துக்கோ'' என்றேன். போய் வந்து காட்டினாள். தாமரை மேலெல்லாம் கிறுக்கல்.

இப்போதுதான் அது வரைபடம்!