எதிர்பார்ப்பே தீர்ப்பாகும்போது: கான்சாகிபு வரலாற்று நூல் ஒன்றைப் பற்றிய திறனாய்வு

திருவில்லிப்புத்தூரை அடுத்த வத்திராயிருப்பு வட்டாரத்திலுள்ள கான்சாபுரம், கான்சாகிபு யூசுப்கானின் பெயரால் வழங்குவதாகக் கருதப்படும் ஊராகும். ஆங்கிலக் கம்பெனிக்காகப் பல களங்களில் போரிட்டு, மதுரை, திருநெல்வேலிச் சீமைகளின் நிர்வாகத்தை ஏற்றிருந்த அவர், அதே கம்பெனியின் படையால் முற்றுகையிடப்பட்டு, 1764 அக்டோபரில் மதுரையில் தூக்கிலிடப்பட்டார். அவரைக் குறித்து எஸ். சி. ஹில் 1914இல் வெளியிட்ட ஆங்கில நூல் இன்றும் ஆய்வாளருக்கு இன்றியமையாதது. ஹில், கம்பெனி ஆவணங்களை உழைத்துத் தொகுத்துள்ளார். யூசுப்கானின் ஆற்றலையும் அவர் மறைக்கவில்லை. எனினும், 'கலகக்காரத் தளபதி' என்று தலைப்பிலேயே தீர்ப்பு முந்திக்கொள்கிறது. அத்தீர்ப்போடு நூலுள் நுழைவோருக்கு அவருடைய முந்திய செயல்கள் யாவும் கலகத்திற்கான ஆயத்தமாகவே தோன்றும்.

ஆயின், அன்று நிலைமை அத்துணைத் தெளிவாக இருந்ததா? 1761இல் ஆண்டுக்கு ஏழு இலட்ச ரூபாய்க்கு அச்சீமைகளைக் குத்தகையாகத் தருமாறு அவர் கேட்டார்; அது மறுக்கப்பட்டது. ஆர்க்காட்டு நவாபு முகம்மது அலிக்கு அவர் அடங்கி நடக்கவேண்டும் என்று கம்பெனி வற்புறுத்திற்று. அவரோ படையைப் பெருக்கினார். அது தற்காப்பா, பேராசையா? அவருடைய உள்ளக்கருத்தை எவரும் தெளிவாக அறிந்திலர். அறியாமையால் வெறுமையாயிருந்த அவ்விடத்தை, எளிய நிலையிலிருந்து உயர்ந்த சேவகன் பணியாவிடில் துரோகியே என்னும் எதிர்பார்ப்பு நிரப்பிற்று என்பதே நம் கருத்து. 1763இல் அவர் பிரெஞ்சுக் கொடியை ஏற்றியபோது, ஐயம் மெய்யாயிற்று என்றனர். ஐயமே அவரை அந்நிலைக்குத் தள்ளியதில் பங்குகொண்டதா என்பதே கேட்கப்படாத வினா. இதனால் அவர் குற்றமற்றவர் என்று நாம் வாதிடவில்லை. எதிர்பார்ப்பு தனக்குத் தானே சான்று படைத்துக்கொள்ளக்கூடும் என்பதையே சுட்டுகிறோம்.

அவரைக் களங்கமற்ற விடுதலை வீரராக மட்டுமே போற்றுவோரும் இதே பிழையை எதிர்த்திசையிலிருந்து செய்கின்றனர். மெலித்தா தீவார், பாம்பு கவ்விய பவுலைக் கொலைபாதகன் என்றனர். அவர் சாகாதிருக்கக் கண்டதும் தேவன் என்றனர் (அப்போஸ்தலர் 28). மாறியது தீர்ப்பேயன்றித் தீர்ப்பு வழங்கிய முறையன்று. இரு வேளையிலும் அவர்கள் பவுலிடம் ஒன்றும் கேட்கவில்லை.

ஆயர்களுக்கு இது பழங்கதையன்று. சபை ஒழுங்கு விசாரணையிலும், ஊழியத்திற்கு வருவோரைத் தெரிந்துகொள்வதிலும், நற்சான்று வழங்குவதிலும் நாம் அறியாததே மிகுதி. சாதி, குடும்பம், பேச்சு ஆகியவை தரும் எதிர்பார்ப்பு, நமக்குத் தெரியாமலே சான்றின் இருக்கையில் அமர்ந்துவிடுகிறது. ஆகவே தீர்ப்புக்கு முன் மூன்று வினாக்கள் வேண்டும்: நான் கண்டது எது? நான் கருதிக்கொண்டது எது? சம்பந்தப்பட்டவர் வாய்மொழியை நான் கேட்டேனா? ஹில்லின் நூலை இவ்வினாக்களோடு படிக்கும் மாணவர், வரலாற்றோடு ஆயர் பணிக்குரிய நிதானத்தையும் கற்பர்.