பாடத்தில் உள்ள இக்திலாஃப் பள்ளிவாசலில் இல்லாதது ஏன்?

தமிழக முஸ்லிம்கள் தம்மைத் தாமே ஆய்ந்து பார்ப்பதற்கு 2017ஆம் ஆண்டு போதுமான காரணங்களைத் தந்துவிட்டுச் சென்றது. மார்ச் 16 இரவு, கோவை உக்கடம் பகுதியில் ஃபாரூக் என்ற 31 வயது இளைஞர் வெட்டிக் கொல்லப்பட்டார். முஸ்லிம் குடும்பத்தில் பிறந்து, இறைமறுப்பாளராகி, திராவிடர் விடுதலைக் கழகத்தில் இயங்கியவர் அவர். கொலை தொடர்பாகக் கைதானவர்களும் முஸ்லிம் இளைஞர்களே. ஆகஸ்ட் மாதம் தக்கலைக் கவிஞர் ஹெச்.ஜி. ரசூல் காலமானார். இஸ்லாமிய வரலாற்றில் குடிக் கலாச்சாரம் பற்றி ‘உயிர்மை’யில் எழுதிய கட்டுரைக்காக 2007இல் ஊர் ஜமாஅத்தால் விலக்கி வைக்கப்பட்டவர் அவர். அதே ஆகஸ்டு 22ஆம் நாள், ஒரே மூச்சில் சொல்லப்படும் முத்தலாக் செல்லாது என்று உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது.

இம்மூன்றும் ஒரே தரத்தவை அல்ல. ஒன்று கொலை, ஒன்று விலக்கம், ஒன்று வழக்கு. எனினும் மூன்றின் அடியிலும் ஒரே வினா கிடக்கிறது: நமக்குள்ளிருந்தே மாற்றுக் கருத்து எழும்போது நாம் என்ன செய்கிறோம்?

இவ்வினாவுக்கு இரு ஆயத்த விடைகள் உலவுகின்றன. இஸ்லாத்தில் விமர்சனத்துக்கு இடமில்லை என்பது வெளியில் உள்ளோரின் விடை. மார்க்கம் முழுமையானது, எனவே விமர்சனம் தேவையில்லை என்பது உள்ளே உள்ளோரின் விடை. இருசாராரும் நம் அரபிக் கல்லூரிப் பாடநூல்களைத் திறந்து பார்த்தவர்களாகத் தெரியவில்லை.

கொங்கு நாட்டின் பள்ளிவாசல்களில் பெரும்பாலானவை ஹனஃபி மத்ஹபைப் பின்பற்றுபவை. அம்மத்ஹபின் தலையாய பாடநூலான ‘ஹிதாயா’வை, ஹிஜ்ரி 593இல் மறைந்த இமாம் மர்கீனானி (ரஹ்) எழுதினார். அதன் பக்கங்களில் இமாம் அபூஹனீஃபா (ரஹ்) ஒன்று சொல்வார். அவருடைய மாணவர்களான அபூயூசுஃபும் முஹம்மதும் (ரஹ்) வேறு சொல்வார்கள். குறுக்கே இமாம் ஷாஃபிஈ (ரஹ்) மறுத்துரைப்பார். ஒவ்வொருவரின் ஆதாரமும் வரிசையாக வைக்கப்படும். வாரத்துக்கு நிலம் விடுதல் செல்லாது என்பது ஆசிரியரின் கருத்து. செல்லும் என்பது மாணவர் இருவரின் கருத்து. மக்களின் தேவையையும் வழக்கத்தையும் முன்னிட்டு ஃபத்வா மாணவர் பக்கமே அமைந்தது. பெருந்துறையைச் சுற்றியுள்ள தோட்டங்களில் வாரத்துக்குப் பயிரிட்ட முஸ்லிம் உழவர், தம் இமாமுக்கு மாறான ஒரு கருத்தின் நிழலில்தான் பயிரிட்டார். அதனால் அவருடைய தக்லீதுக்குக் குறை நேர்ந்ததாக யாரும் சொன்னதில்லை.

கருத்து வேறுபாட்டை நம் முன்னோர் பொறுத்துக்கொண்டதோடு நிற்கவில்லை. அதை ஒரு கலையாகவே வளர்த்தனர். இமாம்கள் ஏன் வேறுபட்டனர் என்பதைக் காட்டுவதற்கென்றே இப்னு ருஷ்து (இறப்பு 1198) ‘பிதாயத்துல் முஜ்தஹித்’ எழுதினார். தில்லியில் ஷாஹ் வலியுல்லாஹ் (இறப்பு 1762) ‘அல்இன்ஸாஃப்’ எனும் சிறுநூலை இதே பொருளில் இயற்றினார். தமது ‘முவத்தா’வை எல்லோர் மீதும் சட்டமாக்க முன்வந்த கலீஃபாவை இமாம் மாலிக் (ரஹ்) தடுத்துவிட்டதாக வரலாற்று நூல்கள் கூறுகின்றன. அரசு ஒரு கொள்கையைத் திணித்தால் என்ன நேரும் என்பதை 833இல் கலீஃபா மஃமூன் தொடங்கிய ‘மிஹ்னா’ காட்டியது. அப்போது சிறைப்பட்டவர் எந்தப் புதுமைவாதியும் அல்லர். இமாம் அஹ்மத் பின் ஹன்பல் (ரஹ்). இன்று மரபின் பெயரால் வாய்களை அடைக்க விழைவோர், மரபின் தலைமகன் ஒருவரே வாயடைப்பை எதிர்த்து அடிபட்டவர் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

இத்தனையும் வகுப்பறையில் இருக்கிறது. மிம்பரில் இருந்து மக்களைச் சென்றடைவது என்ன? முடிவு மட்டுமே சென்றடைகிறது. அம்முடிவுக்கு வழிநடத்திய காரணமும், எதிர்க்காரணமும், அது எழுந்த சூழலும் கிதாபுக்குள்ளேயே தங்கிவிடுகின்றன.

இதன் விளைவை ‘முர்தத்’ சட்டத்தில் காணலாம். மதம் மாறியவனுக்கு மரண தண்டனை என்ற ஒற்றை வரி எல்லோருக்கும் தெரியும். அதே ஹனஃபி நூல்கள் மதம் மாறிய பெண்ணுக்கு அத்தண்டனை இல்லை என்று சொல்வதும், அதற்கு அவை தரும் காரணமும் எத்தனை பேருக்குத் தெரியும்? பெண் போர்க்களத்தில் எதிர்நிற்பவள் அல்லள் என்பதே அக்காரணம். அதாவது, தண்டனையின் வேர் நம்பிக்கையின்மையில் அன்று, போரில் இருக்கிறது என்று அந்நூல்களே உணர்த்துகின்றன. இருபதாம் நூற்றாண்டில் அல்அஸ்ஹரின் ஷைகு மஹ்மூத் ஷல்தூத், இறைமறுப்பு மட்டுமே உயிரைப் பறிக்கக் காரணமாகாது என்று வாதிட்டார். டாக்டர் தாஹா ஜாபிர் அல்அல்வானி இதற்கென ஒரு தனி நூலே எழுதி, மார்க்கத்தில் நிர்ப்பந்தம் இல்லை என்னும் அல்பகரா அத்தியாயத்தின் 256ஆம் வசனத்தை அதன் தலைப்பாக்கினார்.

இங்கே ஓர் உண்மையை மறைப்பது நேர்மையாகாது. தண்டனை நீதிபதியின் பொறுப்பு என்று கூறிய நம் ஃபிக்ஹு நூல்கள், தனிமனிதர் அதைக் கையில் எடுப்பதை வெறுக்கத்தக்கது என்றன. ஆனால் அவ்வாறு கொன்றவன் மீது பழிவாங்கல் இல்லை என்றும் எழுதின. இந்த இடத்தைத்தான் விமர்சனக் கண்ணோடு படிக்க வேண்டியிருக்கிறது. மதமும் படைப்பிரிவும் ஒன்றாக இருந்த காலத்துச் சட்டம் அது. மனசாட்சிச் சுதந்திரத்தை 25ஆம் பிரிவில் உறுதிசெய்யும் அரசியலமைப்பின் கீழ் நாம் வாழ்கிறோம். நம் அழைப்புப் பணிக்கு அரணாக நிற்பதும் அதே பிரிவுதான். ஒருவர் இஸ்லாத்துக்கு வருவதற்கு அதை நாடும் நாம், ஒருவர் விலகிச் செல்லும்போது மறுக்க இயலாது. இதை மாணவனுக்குச் சொல்லாமல் கடந்து போகும் பாடம், பாதிப் பாடமே.

ஃபாரூக்கின் கொலையைப் பல அமைப்புகள் கண்டித்தன; அது நன்று. ஆனால் கொலையாளியின் செயலைக் கண்டிப்பதும், அச்செயலுக்கு அவன் எடுத்துக்கொண்ட நியாயத்தைக் கிதாபைத் திறந்து மறுப்பதும் வேறுவேறு. முன்னது அறிக்கையோடு முடியும். பின்னது ஆலிம்களின் வேலை, அது இன்னும் மீதமிருக்கிறது.

இச்சமுதாயம் எப்போதும் இப்படி இருந்ததில்லை. பெருந்துறைக்கு அருகே ஈரோட்டில் பிறந்து, 1925இல் ‘குடி அரசு’ தொடங்கிய பெரியாரை, அவர் இறைமறுப்பாளர் என்று அறிந்தே நம் முன்னோர் மீலாது மேடைகளுக்கு அழைத்தனர். அவர் அங்கே நபிகளாரைப் (ஸல்) பாராட்டியதும் உண்டு, முஸ்லிம்களிடையே நிலவிய மூட வழக்கங்களைச் சாடியதும் உண்டு. கேட்டவர்கள் ஈமான் இழந்து வீடு திரும்பவில்லை. பிறர் வாயிலிருந்து கேட்க முடிந்ததை, நம் வீட்டுப் பிள்ளை வாயிலிருந்து கேட்க முடியாமற் போனதேன்?

ரசூலின் நிகழ்விலும் இதே குறையைக் காண்கிறோம். 2000இல் வந்த அவருடைய ‘மைலாஞ்சி’ தொகுப்பில், நபிமார்களுள் ஒரு பெண் ஏன் இல்லை என்று கேட்கும் கவிதை சினத்தைக் கிளப்பியது. ஆனால் பெண்ணுக்கு நுபுவ்வத் உண்டா என்பது இல்முல் கலாமில் பழைய மஸ்அலா. உண்டு என்று வாதிட்டவர் அந்தலுஸின் இப்னு ஹஸ்ம் (இறப்பு 1064). அன்னை மர்யம் (அலை) நபியே என்பது தஃப்சீர் ஆசிரியர் குர்துபியின் கருத்து. பெரும்பான்மையோர் இதை ஏற்கவில்லை. ஏற்காததற்கும் காரணம் சொன்னார்கள். கவிஞரின் கேள்விக்கு இந்த வரலாறே தக்க மறுமொழியாக இருந்திருக்கும். குடி பற்றிய அவருடைய கட்டுரையை நான் ஏற்கவில்லை. மது ஹராம் என்பதில் இக்திலாஃப் கிடையாது. ஆயினும் கட்டுரைக்கு எதிர் கட்டுரையே. நிக்காஹ் தஃப்தரும் கப்ருஸ்தானும் ஊராருக்கு உரிமையான பொதுச் சொத்துகள். அவை கருத்தை அடக்கும் கருவிகள் அல்ல.

முத்தலாக் செய்தி இன்னும் கசப்பானது. ஒரே அமர்வில் சொன்ன மூன்றை ஒன்றாகக் கொள்ளும் கருத்து இப்னு தைமிய்யாவிடம் (இறப்பு 1328) இருந்தது. அஹ்லே ஹதீஸினரிடம் இருக்கிறது. எகிப்து 1929இலேயே அதைச் சட்டமாக்கியது. நம் தனியார் சட்ட வாரியமோ, அது பாவம்தான், எனினும் செல்லும் என்று நீதிமன்றத்தில் நின்றது. வாரத்து நிலத்துக்கு மக்களின் தேவையைக் கருதிய ஹனஃபி மரபு, நடுத்தெருவில் நின்ற பெண்ணின் தேவையைக் கருதியிருக்க முடியாதா? உள்ளிருந்து வரவேண்டிய திருத்தம் வெளியிலிருந்து வந்தது. 2019இல் மூன்றாண்டுச் சிறைத் தண்டனையோடு வந்தது. அச்சட்டத்தின் நோக்கத்தை நாம் குறை கூறலாம். அதற்கு இடம் விட்டது யார் என்றும் கேட்க வேண்டும்.

இக்திலாஃபை மக்கள் முன் வைத்தால் ஃபித்னா எழும் என்பர் சிலர். 1980களில் எழுந்த தவ்ஹீத் இயக்கம் ஆதாரம் கேட்கும் பழக்கத்தைப் பாமரருக்கும் கற்பித்தது; அது அதன் நற்பேறு. ஆனால் விவாத மேடைகள் வெற்றி தோல்வியில் முடிந்தன, பள்ளிவாசல்கள் பிரிந்தன. இதைக் காட்டியே சிலர் அஞ்சுகிறார்கள். உண்மையில் அங்கே குறைந்தது இக்திலாஃபின் ஒழுக்கம்: எதிர்க்கருத்தை அதன் வலுவான ஆதாரத்தோடு எடுத்துரைத்த பிறகே மறுக்கும் ஒழுக்கம். ஹிதாயா பக்கந்தோறும் கற்பிப்பது அதைத்தான்.

எனவே செய்யவேண்டியது புதிதாக எதையும் இறக்குமதி செய்வதன்று. மாதத்தில் ஒரு ஜும்ஆவிலேனும் ஒரு மஸ்அலாவை இரு கருத்துகளோடும் இரு ஆதாரங்களோடும் மக்களுக்குச் சொல்வோம். கருத்துக்காக ஊர்விலக்கம் இல்லை என்று மஹல்லா ஜமாஅத்துகள் தம் விதிகளில் எழுதட்டும். பெண்களின் வழக்கை விசாரிக்கும் அவையில் பெண்களும் அமரட்டும். புதுக்கோட்டையில் ஷரீஃபா கானம் பெண்களுக்கெனத் தனி ஜமாஅத் அமைக்க நேர்ந்தது, அவ்விடம் அடைபட்டிருந்ததால்தான். நம் இதழ்கள் மறுப்புக் கட்டுரைகளை மூலக் கட்டுரைக்கு நிகரான இடத்தில் வெளியிடட்டும். உக்கடத்தில் அந்த இரவு நடந்தது மீண்டும் நடவாதிருக்க, காவல்துறை செய்யக்கூடியது சிறிது. பாடம் நடத்துகிறவர்கள் செய்யக்கூடியது பெரிது.