கடலும் கரையும்: ஓர் ஆவணப்படத்தின் சாட்சியம்

கடலோர மக்களின் நலிவைக் காட்டும் ஆவணப்படங்கள் பெருகிவரும் இந்நாளில், அவ்வகையின் மூத்த படமொன்றை மீண்டும் ஆராய்வது தகும். ராபர்ட் பிளாகர்ட்டி 1934இல் வெளியிட்ட 'மேன் ஆஃப் அரன்' என்னும் படத்தையே குறிக்கின்றோம். அயர்லாந்தின் மேற்கிலுள்ள அரன் தீவுகள் அதன் களம்.

வெறும் பாறைமீது மணலும் கடற்பாசியும் பரப்பி விளைநிலம் ஆக்கும் மக்கள். குன்றென எழும் அலைகள். அவற்றிடையே சிறுபடகில் நின்று பெருஞ்சுறாமீது எறியுளி வீசும் ஆடவர். காண்போர் நெஞ்சு நடுங்கும். அவ்வாண்டே வெனிஸ் திரைப்பட விழாவில் சிறந்த அயல்நாட்டுப் படத்திற்குரிய பரிசையும் அது பெற்றது.

ஆயின், அந்தச் சுறா வேட்டை அப்போது அத்தீவில் வழக்கில் இல்லை. விளக்கெரிக்க எண்ணெய் தேடிய முன்னோர் தொழில் அது. மறந்துபோன அதனைப் படத்திற்காகவே மீனவர்க்குப் பயிற்றினர். தாய், தந்தை, மகன் என வருவோரும் ஒரே குடும்பத்தார் அல்லர்.

புனைவே குற்றம் என்று நாம் கூறவில்லை. நாடக வழக்கும் உலகியல் வழக்கும் கலந்ததே பாடல் என்பது தொல்காப்பியர் கொள்கை. ஆனால், அகப்பாடலில் ஒருவர் பெயரையும் சுட்டலாகாது என அவரே வரம்பும் கட்டினார். பிளாகர்ட்டியோ ஊரைச் சுட்டிக்காட்டிவிட்டு, அதனுள் நாடகத்தைப் புகுத்தினார்.

1929இல் ஜான் கிரியர்சன் எடுத்த 'டிரிஃப்டர்ஸ்' படத்தை இதனோடு ஒப்பிடுவோம். வடகடலில் ஹெர்ரிங் மீன் பிடிப்போரைப் பற்றியது அது. கப்பலின் உள்ளறைக் காட்சிகளை அவரும் கரையில் அறை அமைத்தே எடுத்தார். எனினும், அவருடைய படம் கடலோடு முடிவதில்லை. மீன் துறைமுகம் சேர்கிறது, விலை கூறப்படுகிறது, பீப்பாயில் அடைபட்டுத் தொலைதூரம் போகிறது. மீனவன் வாழ்வும் தாழ்வும் பெரிதும் அக்கரையிலேதான் முடிவாகின்றன.

'அரன்' படத்தில் சந்தை இல்லை, விலை இல்லை, அரசு இல்லை. கடல் ஒன்றே பகை. இதுவே அதன் பெருங்குறை என்போம். கடலைக் கூண்டில் ஏற்றிவிட்டால், கரையில் இருப்போர் எவரும் பதில் சொல்ல வேண்டுவதில்லை. இரக்கம் பிறக்கும்; நியாயம் பிறவாது.

ஜார்ஜ் ஸ்டோனி 1978இல் வெளியிட்ட ஆவணப்படமொன்றில் அத்தீவினரையே அணுகி, அன்று நடந்தது என்னவென்று கேட்டார். கேட்கவேண்டிய கேள்வி அதுவே. ஆனால், படம் எடுத்து முடிந்து நாற்பதாண்டுகள் கழித்தன்று, எடுக்குமுன் கேட்கவேண்டியது. இன்று ஒளிப்படக் கருவியுடன் கடற்கரைக்குச் செல்வோர் இதனை மறவாதிருப்பாராக.