ஆளில்லாத படங்கள்

ஜான் மார்கோலிஸ் எடுத்த அமெரிக்க நெடுஞ்சாலைப் படங்கள் எனக்குப் பிடிக்கும். 66ஆம் சாலையோரம் சிமெண்டில் கட்டிய கூம்புக் கூடார அறைகள், பழைய பெட்ரோல் பங்குகள், காலை வெயில். இப்படி 11,000க்கும் மேற்பட்ட ஸ்லைடுகள் இன்று அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தில் இருக்கின்றன. படத்தில் ஆள் விழாமல் பார்த்துக்கொள்வார். வகுப்பில் காட்டியபோது ஒரு மாணவி கேட்டாள்: "இந்த ரூம் பெட்ஷீட்டையெல்லாம் யார் மேடம் துவைச்சாங்க?"

அதன்பிறகு அவற்றைப் பழையபடி ரசிக்க முடியவில்லை. ஸ்டைன்பெக் தன் 1939 நாவலில் அந்தச் சாலையைத் 'தாய்ச்சாலை' என்றார். அதே சாலையில், ஓக்லஹோமாவின் ஹைட்ரோ அருகே, லூசில் ஹேமன்ஸ் 1941இலிருந்து 2000இல் இறக்கும்வரை பெட்ரோல் பங்க் நடத்தினார். பக்கத்தில் வாடகை அறைகளும் வைத்திருந்தார். பிறகு அதிவேகச் சாலை வந்து வாடிக்கையை வாரிக்கொண்டு போனது. அவர் கடையை மூடவில்லை. ஏறக்குறைய அறுபது வருட வியாபாரத்துக்குக் கிடைத்த பட்டம்? 'தாய்ச்சாலையின் தாய்.' முதலாளி என்று சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை.

இப்போதும் பயணிகள் அங்கே வண்டியை நிறுத்திப் படமெடுக்கிறார்கள். பம்புகள் நின்ற இடத்துக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும் மாடியில்தான் அவர் குடும்பம் வசித்தது. படங்களில் அதன் ஜன்னல்கள் மட்டும் தெரிகின்றன.