கழுகும் குழந்தையும்: ஒரு படத்தின் பாதி உண்மை

தவக்காலம் வந்தால் நம் பங்குகளில் தவறாது தலைகாட்டும் நிழற்படம் ஒன்று உண்டு. வறண்ட மண்ணில் தலை கவிழ்ந்து குறுகிக் கிடக்கும் எலும்பும் தோலுமான ஒரு குழந்தை. சற்றுப் பின்னே, எதற்கோ காத்திருப்பதுபோல் அமர்ந்திருக்கும் பிணந்தின்னிக் கழுகு. அதைக் காட்டுவோர் கூடவே ஒரு கதையும் சொல்வர். படமெடுத்தவர் குழந்தையைச் சாகவிட்டுச் சென்றார், பெரும் பரிசு பெற்றார், குற்ற உணர்வு தாளாமல் தம் உயிரை மாய்த்துக்கொண்டார் என்பது அக்கதை. மறைக்கல்வி வகுப்பில் நானும் அதைப் பலமுறை சொல்லியிருக்கிறேன். படத்தையும் கதையையும் இன்று மீண்டும் நோக்கும்போது, நான் சொன்னதில் எத்தனை பங்கு சாட்சி, எத்தனை பங்கு பொய்ச்சாட்சி என்ற கேள்வி எழுகிறது.

தென்னாப்பிரிக்கரான கெவின் கார்ட்டர் 1993 மார்ச்சில் தென் சூடானிலுள்ள அயோட் என்னும் ஊரில் இப்படத்தை எடுத்தார். அவர் ஒரு கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவர். நிறவெறி ஆட்சியின் கொடுமைகளை எதிர்த்துத் தம் வீட்டார் போதிய அளவு குரல் எழுப்பவில்லையே என்ற குறை அவருக்கு இருந்தது. படம் அவ்வாண்டு மார்ச் 26 அன்று நியூயார்க் டைம்ஸ் இதழில் வெளிவந்தது. குழந்தை என்ன ஆயிற்று என்று கேட்டு வாசகர்கள் எழுதிக் குவித்தனர். நான்கே நாட்களில் இதழ் ஒரு குறிப்பை வெளியிட வேண்டியதாயிற்று: கழுகு விரட்டப்பட்டபின் குழந்தை தன் வழியே நடக்கும் அளவுக்குத் தேறியது, உணவு மையத்தை அடைந்ததா என்பது தெரியவில்லை. 1994இல் படத்துக்குப் புலிட்சர் பரிசு கிடைத்தது. அவ்வாண்டு ஜூலை 27இல் கார்ட்டர் இறந்தார், வயது 33.

படத்தில் ஒட்டு இல்லை, வெட்டு இல்லை. கழுகும் மெய், குழந்தையும் மெய். ஆயினும் இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963இல் வெளியிட்ட சமூகத் தொடர்பு ஏடு, செய்தி உண்மையாய் இருந்தால் மட்டும் போதாது, நீதிக்கும் அன்புக்கும் உட்பட்டு முழுமையாகவும் இருக்க வேண்டும் என்று கருதுகிறது. இப்படம் இடறுவது அந்த முழுமை என்னும் கல்லில்தான்.

சட்டத்துக்கு வெளியே என்ன இருந்தது? உடன் சென்ற ஜோவோ சில்வாவின் கூற்றுப்படி, சற்று முன்தான் நிவாரண உணவு விமானம் தரையிறங்கியிருந்தது. பெற்றோர் உணவு வாங்க ஓடியபோது பிள்ளைகளைச் சிறிது நேரம் கீழே விட்டிருந்தனர். ஆள் நடமாட்டமற்ற பாலையில் கைவிடப்பட்ட தனிக் குழந்தையாக நம் கண்ணுக்குத் தெரிவது, மக்கள் நெருங்கிய ஓர் ஊரின் ஓரத்தில் நிகழ்ந்த சில நிமிடங்களே.

அதனினும் பெரிய விடுபடல் ஒன்று உண்டு. அயோட், கொங்கோர், வாட் என்னும் மூன்று ஊர்களையும் இணைத்து நிவாரணப் பணியாளர்கள் ‘பசி முக்கோணம்’ என்றனர். அங்கே மக்கள் பட்டினி கிடந்ததற்கு வானம் பொய்த்தது மட்டும் காரணமன்று. அரசுப் படைக்கும் கிளர்ச்சியாளருக்கும் நடந்த போரும், 1991இல் கிளர்ச்சியாளர் தமக்குள்ளேயே பிளவுண்டு மோதியதும் அந்நிலத்தைச் சூறையாடியிருந்தன. துப்பாக்கி ஏந்தியவர் எவரும் படத்தில் இல்லை. பழியெல்லாம் ஒரு பறவையின்மேல் விழுகிறது. தன் இயல்புப்படி அமர்ந்திருந்த கழுகு குற்றவாளியாயிற்று, குற்றவாளிகள் தப்பினர். என் நோக்கில் படத்தின் மிகப் பெரிய குறை இதுவே. படம் நம்மைக் கண்ணீர் சிந்த வைக்கிறது. யார் இதைச் செய்தார் என்று கேட்க வைப்பதில்லை.

இதற்கு எதிரான ஒரு நிகழ்வையும் எண்ணிப் பார்க்கலாம். 2003இல் ஈராக் போரின்போது லாஸ் ஏஞ்சல்ஸ் டைம்ஸ் நிழற்படக்காரர் பிரையன் வால்ஸ்கி, பாஸ்ரா அருகே எடுத்த இரு படங்களைக் கணினியில் ஒன்றாக இணைத்து அனுப்பினார். பின்னணியிலிருந்த சிலர் இருமுறை தோன்றியதால் குட்டு வெளிப்பட்டது. உடனே பணிநீக்கம் செய்யப்பட்டார். அது சரியே. ஆனால் செய்தித்தாள் உலகின் அறநெறி அவ்விடத்தோடு நின்றுவிடுகிறதே! இரு படங்களை ஒட்டினால் குற்றம். உலகத்தையே சட்டத்துக்கு வெளியே நிறுத்தினால் பரிசு.

இதனால் கார்ட்டரைப் பொய்யர் என்று நான் சொல்லவரவில்லை. கழுகு சிறகு விரிக்குமென்று அவர் இருபது நிமிடம் காத்திருந்தார் என்பது உண்மை. அது என் நெஞ்சை இன்றும் உறுத்துகிறது. நல்ல சமாரியர் காத்திருக்கவில்லை. ஆனால் பின்னர் கழுகை விரட்டினார். மரத்தடியில் அமர்ந்து கடவுளோடு பேசி அழுதார் என்பதும் பதிவாகியிருக்கிறது. பரிசு அறிவிக்கப்பட்ட சில நாட்களில் அவருடைய நண்பர் கென் ஊஸ்டர்புரூக் தோக்கோசா நகரியத்தில் சுட்டுக் கொல்லப்பட்டார். பணமுடையும், ஆண்டுக்கணக்காய்ப் பார்த்த கொலைகளின் நினைவும் அவரை வாட்டின. இவ்வளவையும் ஒதுக்கிவிட்டு, ‘குழந்தையைக் கைவிட்டவர் தண்டனை பெற்றார்’ என்று மறையுரைக்கு வசதியாக நறுக்கிக்கொண்டது யார்? கழுகைச் சட்டத்துக்குள் இழுத்தவர் கார்ட்டர். கார்ட்டரையே கழுகாக்கியவர்கள் நாம். எட்டாம் கட்டளை இதழாளருக்கு மட்டும் அருளப்பட்டதன்று.

2023 மார்ச்சில் திருத்தந்தை பிரான்சிஸ் வெண்ணிறப் பஞ்சடைத்த மேலங்கியில் நிற்பதாக ஒரு படம் உலகெங்கும் பரவியது. செயற்கை நுண்ணறிவு உருவாக்கிய பொய் அது. மறு ஆண்டின் சமூகத் தொடர்பு நாள் செய்தியில் திருத்தந்தையே, தாமும் இத்தகைய போலிக்கு ஆளானதைக் குறிப்பிட்டார். நம்மவர் பலர் அன்று சிரித்தனர், சிலர் சினந்தனர். அத்தகைய பொய்யை மறுப்பது எளிது. அவர் அந்த அங்கியை அணியவில்லை என்றால் முடிந்தது. மெய்யான படத்தின் மீது நாம் ஏற்றும் கதையை எவர் மறுப்பார்?

மறுப்பு அப்படத்திலேயே இருந்தது. குழந்தையின் வலக்கையில் வெண்ணிறப் பட்டை ஒன்று தெரிகிறது. உணவு மையத்தில் பதிவு செய்யப்பட்டவர்களுக்குக் கட்டும் பட்டை அது. யாரோ அக்குழந்தையைக் கண்டு, எண்ணி, உதவிப் பட்டியலில் ஏற்கெனவே சேர்த்திருந்தனர். 2011இல் ஸ்பெயினின் எல் முண்டோ இதழின் செய்தியாளர்கள் அயோட் சென்று விசாரித்தபோது, அது பெண் குழந்தையன்று, ஆண் குழந்தை என்று தெரிந்தது. அப்பஞ்சத்தில் அவன் சாகவில்லை. வளர்ந்து, பல ஆண்டுகளுக்குப் பின்னர் காய்ச்சலால் இறந்தான் என்று தந்தை சொன்னார். இருபது ஆண்டுகளாக அப்படத்தை மாணவர்முன் பிடித்து நின்ற நான், அந்தக் கையை ஒருமுறையேனும் பார்த்ததில்லை.