கணக்கு சொல்லித்தராத அப்பா

2004-ல் பாஸ்டனில் ஹெட்ஜ் ஃபண்ட் வேலையில் இருந்த சல்மான் கான் (நடிகர் இல்லை, இவர் வேறு), நியூ ஆர்லியன்ஸில் இருந்த கசின் நாடியாவுக்கு ஃபோனில் கணக்கு சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தார். மற்ற கசின்களும் சேர்ந்துகொள்ள, 2006-ல் பாடங்களை யூட்யூபில் போட்டார். 2008-ல் அது கான் அகாடமி. பாடங்களுக்கும் பயிற்சிகளுக்கும் இன்றுவரை காசு வாங்குவதில்லை.

நேரில் சொல்லித்தருகிற அண்ணனைவிட யூட்யூப் அண்ணனே தேவலை என்று கசின்கள் சொன்னதாக, 2011-ல் டெட் மேடையில் கானே சொல்லிச் சிரித்தார். நியாயம்தான். நிறுத்தலாம், திருப்பிப் போடலாம், போன வருஷப் பாடத்தை வெட்கப்படாமல் பார்க்கலாம். 'புரிஞ்சுதா, புரிஞ்சுதா' என்று யாரும் உயிரை எடுக்க மாட்டார்கள்.

சரி, அப்போ வீட்டில் இருப்பவர்களுக்கு என்ன வேலை?

அகாடமி பெற்றோருக்கு ஒரு ரிப்போர்ட் தருகிறது. பையன் எத்தனை நிமிஷம் உட்கார்ந்தான், எந்தப் பயிற்சி, எத்தனை சரி. என் புகார் இதன் மேல்தான். பொய் சொல்வதில்லை, பாதி சொல்கிறது. அரையையும் மூன்றில் ஒன்றையும் கூட்டி ஐந்தில் இரண்டு என்று போட்டவன், மேலே இருப்பதை மேலே இருப்பதோடும் கீழே இருப்பதைக் கீழே இருப்பதோடும் கூட்டியிருக்கிறான். ரிப்போர்ட்டில் அது வெறும் தப்பு. 'எப்படிப் போட்டே, சொல்லு' என்று பக்கத்தில் இருப்பவர்தான் கேட்க முடியும். 'அரை தோசையோட இன்னும் கொஞ்சம் சேர்த்தா அரையைவிடக் குறையுமா?' அவனே சிரித்துவிடுவான்.

இன்னொரு தொல்லை, ஹின்ட். அதை எடுத்தால் அந்தக் கணக்கு சரியானதாகச் சேராது. அதனால் பையன் ஹின்ட்டை விட்டுவிட்டு அப்பாவிடம் விடை கேட்பான். பாயின்ட் போகிறதே என்று அப்பாவும் சொல்லிவிடுவார். ரிப்போர்ட் பளபளக்கும். உள்ளே ஒன்றும் இருக்காது. தயவுசெய்து சொல்லாதீர்கள். பாயின்ட் போனால் போகட்டும், ஹின்ட்டையே எடுக்கட்டும்.

'எனக்கே கணக்குன்னா பயம் சார்' என்பவர்களுக்கு இரண்டு ஆய்வுகள். இரண்டுமே 2015-ல் வந்தவை, சிகாகோ பல்கலைக்கழக உளவியலாளர் பைலாக்கின் குழு செய்தவை. முதலாவது, கணக்குக்குப் பயந்த பெற்றோர் ஹோம்வொர்க்கில் அடிக்கடி உதவினால், ஒன்றாம் இரண்டாம் கிளாஸ் பிள்ளைகள் அந்த வருஷம் குறைவாகவே கற்றார்கள், பயமும் கூடியது. பயந்தும் அவ்வளவாகத் தலையிடாத பெற்றோரின் பிள்ளைகளுக்கு அந்தச் சேதம் இல்லை. இரண்டாவதில் 587 ஒன்றாம் கிளாஸ் பிள்ளைகள். ஒரு வகையினருக்கு 'பெட்டைம் மேத்' என்ற ஆப் தந்தார்கள். குட்டியாக ஒரு விஷயம், அதையொட்டிச் சில கணக்குக் கேள்விகள். பெற்றோரும் பிள்ளையும் சேர்ந்து படித்துப் பேச வேண்டும். வாரம் ஒரு தடவை செய்தாலே பலன் தெரிந்தது. அதிகம் முன்னேறியது பயந்த பெற்றோரின் பிள்ளைகள்!

ஆகவே சொல்லித்தரும் வேலையை கானிடமே விடலாம், அவர் நன்றாகச் செய்கிறார். கூட உட்கார்ந்து பேசுவது நம் வேலை. அதற்குக் கணக்கு தெரிந்திருக்கக்கூட வேண்டாம். 'எனக்கும் கொஞ்சம் சொல்லிக்கொடுடா' என்று கேட்டால் போதும். தெரியாதவர்கள் நடிக்க வேண்டிய அவசியமும் இல்லை.